பண்ணையத்துக்குப் புதிதாக வருகிறீர்களா? டிரோன் அப்புறம், முதலில் தண்ணீர்க் கணக்கு

பனியன் கம்பெனியிலோ கோயம்புத்தூர் ஐ.டி. ஆபீஸிலோ பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, போதும், இனி தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்புகிறவர்களைப் பெருந்துறை, காங்கயம், பல்லடம், உடுமலை எங்கே போனாலும் இப்போது பார்க்க முடிகிறது. வந்த வேகத்தில் அவர்கள் விசாரிப்பது பெரும்பாலும் டிரோன், சென்சார், ஆட்டோமேஷன். கேட்பதில் தப்பில்லை. ஆனால் வரிசை தப்பு. இந்தக் கட்டுரை அந்த வரிசையைப் பற்றியது.

கொங்குப் பக்கம் புதுத் தொழில்நுட்பம் வந்ததற்கு இரண்டே காரணம். போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்டது. காலையில் மில் வண்டி வந்து ஊரில் இருக்கிற ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் தண்ணீரை மிச்சம் பிடிக்கிற சாமான் முதலில், ஆள் வேலையைக் குறைக்கிற சாமான் அடுத்தது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் என்பதுதான் என் கணக்கு. இதோடு ஒரு நிபந்தனையும் உண்டு: கெட்டுப்போனால் அன்றைக்கோ மறுநாளோ வந்து பார்க்கிற ஆள் பக்கத்து ஊரில் இல்லையென்றால், எவ்வளவு நல்ல சாமானாக இருந்தாலும் முதல் வருடம் அதைத் தொடாதீர்கள்.

முதலில் காகிதம்

தொழில்நுட்பம் பற்றிப் பேச வந்துவிட்டு இவன் ஏன் பட்டாவைக் கேட்கிறான் என்று நினைக்கலாம். மானியம் எல்லாம் இதில்தான் சிக்குகிறது. நிலம் இன்னும் அப்பாரு பேரிலேயே இருக்கும், அல்லது கூட்டுப் பட்டாவில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை பேரெல்லாம் இருக்கும், கிணறு பொது, கரண்ட் சர்வீஸ் இறந்துபோன ஒருவர் பேரில். உங்கள் பட்டாவை அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள். உட்பிரிவு செய்யவேண்டும் என்றால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும், பங்காளிகளிடம் பேசுவதற்கு அதைவிட அதிகமாகவே ஆகலாம்.

சொட்டுநீர் மானியத்துக்குச் சிட்டா, அடங்கல் (நிலம் யாருடையது, அதில் என்ன பயிர் என்று காட்டுகிற வருவாய்த் துறைப் பதிவுகள்), நில வரைபடம், ஆதார், அப்புறம் தாசில்தார் தருகிற சிறு குறு விவசாயி சான்று வேண்டும். இரண்டரை ஏக்கர் வரைக்கும் குறு, ஐந்து ஏக்கர் வரைக்கும் சிறு. தமிழ்நாட்டில் இந்த இரண்டு பிரிவுக்கும் சொட்டுநீருக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்களே, அதையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

தண்ணீரை அளந்து பாருங்கள்

ஊரில் யாரைக் கேட்டாலும் "தண்ணி இருக்குதுங் தம்பி, ரண்டு இஞ்சு வருதுங்" என்பார்கள். இரண்டு இஞ்ச் என்பது குழாயின் அளவு, தண்ணீரின் அளவு இல்லை. 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் இரண்டு மூன்று மணி நேரம் ஓடிய பிறகு, முதலில் வருகிற தேங்கிய தண்ணீர் தீர்ந்ததும், டிரம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். இரண்டு நிமிடம் ஆனால் மணிக்கு 6,000 லிட்டர். சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை அளந்து மோட்டார் ரூம் சுவரில் எழுதி வையுங்கள். திட்டம் போடும்போது சித்திரைக் கணக்கைத்தான் நம்பவேண்டும்.

இனி பெருக்கல். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 4,000 லிட்டர். வெயில் நாளில் நிலத்தை முழுதாக மூடி நிற்கிற பயிர் தினமும் 5 மி.மீ. இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். மணிக்கு 6,000 வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் 48,000. அதாவது அந்த போரை வைத்துக் கோடையில் இரண்டு ஏக்கர், நீட்டிப் பிடித்தால் இரண்டரை. நிலம் ஆறு ஏக்கர் இருக்கிறதே என்று ஆறிலும் மஞ்சளோ வாழையோ வைப்பவர்கள் பங்குனியில் லாரித் தண்ணீர் தேடுகிறார்கள். எந்தச் செயலியும் இந்தக் கணக்கை மாற்றாது. தென்னைக்குக் கணக்கு வேறு: ஏக்கருக்கு 70 மரம், கடுங்கோடையில் மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர் என்று வைத்தாலும் 4,550 லிட்டர்தான். தண்ணீர் குறைந்த இடத்தில் தென்னையோடு நிறுத்திக்கொண்டு, மீதிக் காட்டில் மானாவாரியாகச் சோளமோ நிலக்கடலையோ போட்டுவிட்டு மாட்டைப் பார்க்கலாம்.

வாய்க்கால் பாசனம் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் நான்கு மண்டலமாகச் சுற்றி வருகிறது. கீழ்பவானியில் ஒரு போகம் நெல், அடுத்த போகம் புன்செய் என்று பாசன நிலத்தை இரண்டு பாதியாகப் பிரித்துத்தான் தருகிறார்கள். உங்கள் மதகுக்கு எப்போது முறை என்று தெரிந்துகொண்டு, அந்த நாட்களில் போரை ஓட்டாமல் விட்டாலே பாதித் தொழில்நுட்பம் முடிந்தது.

கம்ப்ரசர் போட்ட போர் என்றால் தண்ணீர் விட்டுவிட்டு வரும், அதை நேராக டிரிப்பில் (சொட்டுநீரில்) கொடுக்க முடியாது. கிணற்றிலோ தொட்டியிலோ விட்டு அங்கிருந்து இன்னொரு மோட்டாரில் எடுக்கவேண்டும். தொட்டி கட்ட வசதி இல்லாவிட்டால் குட்டை வெட்டிப் பிளாஸ்டிக் விரிப்புப் போடலாம், ஆனால் வெயில் படுகிற தண்ணீரில் பாசி பிடிக்கும், அதற்கு வடிகட்டி மாறும். கீழே சொல்கிறேன்.

மோட்டார்

நம் பக்கம் தோட்டத்தில் நுழைந்த புதுச் சாமான்களில் மிக உபயோகமானது எது என்று என்னைக் கேட்டால், கைபேசியில் இயக்குகிற ஸ்டார்ட்டர் என்பேன். டிரோனைப் பற்றி வருகிற வீடியோக்களில் நூறில் ஒரு பங்கு கூட இதைப் பற்றி வருவதில்லை. த்ரீ பேஸ் கரண்ட் நடுராத்திரி வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கண்ணாடி விரியன் கிடக்கிற வரப்பில் நடந்து போய் மோட்டார் போட்ட காலம் இந்தப் பெட்டியால்தான் முடிந்தது. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஓடும், கரண்ட் போனால், பேஸ் ஒன்று குறைந்தால், தண்ணீர் வற்றினால் தானே நிறுத்திவிட்டு உங்களுக்குச் செய்தி அனுப்பும். பம்புசெட்டுக்குப் பேர்போன ஊர் கோயம்புத்தூர்தான், ஆகவே இதைச் செய்கிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். வேளாண் பொறியியல் துறையில் இதற்கு மானியமும் உண்டு, வட்டார அலுவலகத்தில் கேளுங்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம். தோட்டத்தில் எந்தக் கம்பெனி டவர் எடுக்கிறது என்று மோட்டார் ரூமுக்குள்ளேயே நின்று பார்த்துவிட்டுச் சிம் வாங்குங்கள், 2ஜியில் மட்டும் ஓடுகிற பழைய பெட்டியை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். தண்ணீர் வற்றினால் நிற்கிற வசதியைப் பொருத்தும் ஆளிடம் உங்கள் மோட்டாருக்கு ஏற்றபடி செட் செய்து, ஒரு தடவை உங்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். சும்மா பொருத்திவிட்டுப் போனால் அது வேலை செய்யாது, போருக்குள் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டார் வேகும்போதுதான் தெரியும். மூன்றாவது, சிம்முக்கு ரீசார்ஜ் தீரும் தேதியைக் குறித்து வையுங்கள், ஸ்டார்ட்டர் கெட்டுவிட்டது என்று வருகிற புகார்களில் நிறைய இதுதான்.

கரண்ட் வந்தவுடன் தானே ஓடுகிற ஆட்டோ முறை ஒன்று இருக்கிறது. வசதிதான். ஆனால் பைப் உடைந்திருந்தாலும் அது பார்க்காது, யாராவது கிணற்றில் இறங்கியிருந்தாலும் அதற்குத் தெரியாது. மோட்டாரிலோ கிணற்றிலோ கை வைப்பதற்கு முன்னால் மெயினையே இறக்கிவிடுங்கள், கைபேசியில் ஆஃப் செய்தேன் என்பது போதாது. உங்கள் மனைவி கைபேசியிலும் அதே ஸ்டார்ட்டர் இணைந்திருக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

சோலார் பம்பு பற்றி ஒரு வரி: இலவச மின்சார இணைப்பு ஏற்கெனவே இருந்தால் அவசரமில்லை. இணைப்புக்கு வரிசையில் காத்திருக்கிறவர்களுக்கும் ஆழம் குறைந்த கிணறு உள்ளவர்களுக்கும் நல்லது. ஆயிரம் அடி போருக்கு எத்தனை குதிரைத் திறன் வேண்டும், அவ்வளவு பேனல் மானியத்தில் வருமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சொட்டுநீர்: இங்கேதான் நேரம் செலவழிக்கவேண்டும்

மானியத்தில் சும்மா வருகிறது என்பதாலேயே பலர் இதில் அசட்டையாக இருக்கிறார்கள். கம்பெனிக்காரர் ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுவருவார், நாம் கையெழுத்துப் போடுவோம், அடுத்த கோடையில் தோட்டத்தின் கடைக்கோடியில் செடி காயும். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க 7 வருடம் ஆகவேண்டும், ஆகவே வரைபடத்தை நீங்கள்தான் சோதிக்கவேண்டும். பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். 120 செ.மீ. அகல மேட்டுப்பாத்தி, இடையில் 30 செ.மீ. வாய்க்கால், பாத்தி நடுவில் ஒரு லேட்டரல் (செடி வரிசையில் ஓடுகிற சிறு குழாய்) என்றால் லைனுக்கு லைன் ஒன்றரை மீட்டர். ஏக்கருக்கு 4,000 சதுர மீட்டர், அதை ஒன்றரையால் வகுத்தால் ஏறக்குறைய 2,670 மீட்டர் குழாய். அதில் 60 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான் (தண்ணீர் சொட்டுகிற முனை) என்றால் 4,440 சொட்டுவான். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால் ஏக்கருக்கு மணிக்கு 17,800 லிட்டர் வேண்டும். உங்கள் டிரம் கணக்கில் வந்தது 6,000. ஆக ஒரு ஏக்கரையே மூன்று பிரிவாக, மூன்று கேட் வால்வாகப் பிரித்தால்தான் கடைசிச் செடி வரைக்கும் சமமாகச் சொட்டும். வரைபடத்தில் ஏக்கருக்கு ஒரு வால்வு போட்டிருந்தால் அவர் உங்கள் போரைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம், திருப்பி அனுப்புங்கள். தொட்டியிலிருந்து பெரிய மோட்டாரில் எடுப்பதாக இருந்தால் அந்த மோட்டார் தருகிற அளவை வைத்து இதே கணக்கைப் போடவேண்டும்.

அப்புறம் வடிகட்டி. போர் தண்ணீரில் மணல் வந்தால் அதைச் சுழற்றிப் பிரிக்கிற ஹைட்ரோசைக்ளோன், குட்டைத் தண்ணீரில் பாசி வந்தால் மணல் வடிகட்டி, இரண்டுக்கும் அடுத்து வலையோ டிஸ்க்கோ வைத்த வடிகட்டி. எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே மாதிரி வலை வடிகட்டி ஒன்றைப் பொருத்திவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. வடிகட்டிக்கு முன்னாலும் பின்னாலும் பிரஷர் மீட்டர் இருக்கவேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் வழக்கத்தைவிட அரை கிலோ அழுத்தம் கூடினால் கழுவும் நேரம் வந்துவிட்டது. மீட்டர் சின்னச் செலவுதான், அதைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்குங்கள்.

போட்ட பிறகு வேலை முடிந்துவிடாது. வாரம் ஒரு தடவை லைன்களின் கடைசி மூடியைத் திறந்து கலங்கல் போகும் வரை தண்ணீரை ஓடவிடுங்கள். நம் பக்கத்து ஆழ்போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது, சொட்டுவான் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அதற்கு ஆசிட் ட்ரீட்மெண்ட். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெஞ்சுரி (ஓடுகிற தண்ணீரோடு உரத்தையோ அமிலத்தையோ உறிஞ்சிக் கலக்குகிற சின்ன இணைப்பு) வழியாக, கடைசிச் சொட்டுவானில் வருகிற தண்ணீரின் பி.எச். 4 ஆகும் வரை விட்டு, ஒரு நாள் லைனில் நிற்கவிட்டு, மறுநாள் மூடியைத் திறந்து அலசவேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்றவேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் செய்யவேண்டாம். முதல் தடவை தெரிந்த ஆளை வைத்தே செய்யுங்கள்.

அணில் கடிக்கும், எலி கடிக்கும், களை வெட்டுகிற அக்காக்கள் களைக்கொத்தால் குழாயைக் கொத்திவிடுவார்கள். திட்டிப் பிரயோஜனமில்லை. இணைக்கிற ஜாயிண்ட் ஒரு பை, துளை அடைக்கிற சின்ன மூடி ஒரு பை எப்போதும் மோட்டார் ரூமில் இருக்கட்டும்.

உரத்தைத் தண்ணீரோடு விடுவது

சொட்டுநீர் போட்டதன் முழுப் பலன் இதில்தான் இருக்கிறது, ஆள் கூலி மிச்சமாவது கண்ணால் தெரியும். ஆனால் கடைக்குப் போனால் 19:19:19, 12:61:0, 13:0:45 என்று (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) பளபளப்பான பைகளாக அடுக்கிவிடுவார்கள். எல்லாம் நல்ல உரம்தான், விலைதான் கடி. யூரியாவும் வெள்ளைப் பொட்டாஷும் தண்ணீரில் நன்றாகவே கரையும், தழைச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் அவற்றை வைத்துக்கொண்டு, மணிச்சத்தை அடியுரமாகச் சூப்பர் பாஸ்பேட்டில் கொடுத்துவிட்டால் செலவு பெருமளவு குறையும். கால்சியம் நைட்ரேட்டை மட்டும் தனியாக விடவேண்டும். சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு கலந்தால் தொட்டியிலேயே சுண்ணாம்பு மாதிரி படிந்து லைனை அடைத்துவிடும்.

நேரம் எப்படிப் பிரிப்பது? ஒன்றரை மணி நேரம் பாய்ச்சுகிறீர்கள் என்றால் முதல் அரை மணி வெறும் தண்ணீர், அடுத்த அரை மணி உரம், கடைசி அரை மணி மறுபடி வெறும் தண்ணீர். உரத்தை முதலிலேயே விட்டால் வேருக்குக் கீழே போய்விடும், கடைசியில் விட்டு மோட்டாரை நிறுத்தினால் குழாயிலேயே தங்கிவிடும்.

மண்ணும் ஈரமும்

எவ்வளவு உரம் என்பதற்கு மண் பரிசோதனை. வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில வி எழுத்து வடிவில் 15 செ.மீ. குழி எடுத்து, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழ் வரை சீராகச் சீவி, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகத்தைத் தள்ளித் தள்ளி அரை கிலோவாக்கிக் கொடுக்கவேண்டும். வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குவித்த இடம் வேண்டாம். தென்னைக்கு மூன்று ஆழத்தில் தனித்தனியாக. தண்ணீரையும் கூடவே கொடுங்கள், மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு பிடித்தது. வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்களிலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் செய்கிறார்கள், திருப்பூர் மாவட்டத்துக்குப் பொங்கலூர், ஈரோட்டுக்குக் கோபி, கோவைக்குக் காரமடை என்று வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் அங்கே ஒரு நடை போய் ஆட்களைப் பழக்கப்படுத்திக்கொள்வது எந்தச் செயலியைவிடவும் மேல்.

ஆன்லைனில் மண்ணில் குத்தினால் தழை, மணி, சாம்பல் மூன்றையும் எண்ணாகக் காட்டும் என்று ஒரு கம்பி விற்கிறார்கள். அந்த மலிவுக் கம்பிகள் மண்ணின் மின்கடத்தும் தன்மையை வைத்து உத்தேசமாகச் சொல்பவை. நம் உப்பு மண்ணில் அது என்ன சொல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்கு ஈர அளவு காட்டுகிற கருவி வாங்கலாம். கோவையில் இருக்கிற கரும்பு இனப்பெருக்க நிறுவனம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது, மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்கு எரியும். நீலமும் பச்சையும் எரிந்தால் தண்ணீர் வேண்டாம், ஆரஞ்சு என்றால் விடலாம், சிவப்பு என்றால் இன்றைக்கே. எண் இல்லை, கிராஃப் இல்லை, சந்தா இல்லை. வைஃபையில் இணைகிற சென்சார்கள் நாலைந்து வருடம் அனுபவம் வந்த பிறகு, அதுவும் பசுமைக் குடில் மாதிரி இடத்தில், பார்க்கலாம். டிரிப் போட்டவர்கள் பொதுவாகச் செய்வது அளவுக்கு மீறிப் பாய்ச்சுவதுதான், மேலே ஈரம் தெரியாததால் மனசு கேட்காது. நாலு விளக்கு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

மெஷின்களை வாடகைக்கு எடுங்கள்

டிராக்டர் வாங்கினால்தான் விவசாயி என்ற நினைப்பை மூட்டை கட்டுங்கள். மூன்று நாலு ஏக்கருக்கு உழவு, ரோட்டவேட்டர், பாத்தி போடுவது, மஞ்சள் வெட்டுவது, வேகவைக்கிற நீராவிக் கொப்பரை, பாலிஷ் டிரம் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கிறது. வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாக முன்பதிவு செய்யலாம், வாடகை வெளியைவிடக் குறைவு, ஆனால் சீசனில் வரிசை நீளம். சொந்தமாக வாங்கத் தக்கது என்று நான் சொல்வது சின்னப் பவர் வீடர் ஒன்றுதான். களை எடுக்க ஆள் கிடைக்காமல்தான் நம் பக்கம் பாதிப் பயிர் கெடுகிறது. அதையும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் வரிசை இடைவெளிக்குள் அது நுழையுமா என்று அளந்து பாருங்கள். மெஷினுக்கு ஏற்றபடி பயிர் இடைவெளி வைக்கிற பழக்கத்தை நடவிலிருந்தே ஆரம்பிக்கவேண்டும்.

இப்போது டிரோன்

சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று. 10 லிட்டர் தொட்டி வைத்த டிரோன் ஒரு ஏக்கருக்குப் பத்து நிமிடத்துக்குள் மருந்து அடித்துவிடும். முதுகில் தொட்டி மாட்டி அடித்தால் ஏக்கருக்கு 150, 200 லிட்டர் தண்ணீர் தேவைப்படும் இடத்தில் இதற்கு 10 லிட்டர் போதும். மருந்து அடிக்கிறவர் உடம்பில் விஷம் படுவதும் குறையும், எனக்கு இதில் பெரிய லாபமாகப் படுவது அதுதான். ஆளுயரம் வளர்ந்த மக்காச்சோளத்துக்குள் தொட்டியோடு யாராலும் நுழைய முடியாது. 2018இல் படைப்புழு வந்த பிறகு உடுமலை, தாராபுரம் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும், அந்தப் புழு இருப்பது குருத்துக்குள், டிரோன் அடிப்பது மேலிருந்து, பொருத்தமாக அமைந்துவிட்டது.

இருந்தாலும் சொந்தமாக வாங்காதீர்கள். ஓட்ட விமானப் போக்குவரத்துத் துறை அங்கீகரித்த பயிற்சி முடித்த பைலட் சான்று வேண்டும், டிரோனுக்குப் பதிவு எண் வேண்டும், பேட்டரி தேய்ந்துகொண்டே வரும். வாடகைக்குக் கூப்பிடும்போது அந்தச் சான்றையும் பதிவு எண்ணையும் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படவேண்டாம். மகளிர் குழுக்களுக்கு மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த நமோ டிரோன் தீதி திட்டத்தில் 80 சதவீதம் வரை மானியத்தில் டிரோன் தருகிறார்கள், உங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு குழு இருந்தால் முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 10 லிட்டரில் கலந்த மருந்து அடர்த்தியானது, துளி பொடியானது, காற்றில் போகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்று உங்கள் மருந்தையும் தூக்கிக்கொண்டு போகும். பக்கத்துத் தோட்டத்தில் மல்பெரி இருந்தால் தீர்ந்தது. உடுமலை, கோபி, சத்தியமங்கலம் பக்கமெல்லாம் பட்டுப்புழு வளர்க்கிற வீடுகள் நிறைய. படைப்புழுவுக்கு எல்லாரும் அடிக்கிற குளோரான்ட்ரனிலிப்ரோல் பட்டுப்புழுவுக்கும் எமன். மருந்து பட்ட இலையைப் பறித்துப் போட்டால் மனை முழுக்கப் புழு சாகும், அப்புறம் பஞ்சாயத்து, வருடக்கணக்கில் பேச்சு வார்த்தை இருக்காது. அடிப்பதற்கு முந்தின நாளே நாலு பக்கத்துக்காரர்களிடமும் "அண்ணா, நாளைக்குக் காலைல மருந்து அடிக்கறனுங், தழை பறிக்கறதா இருந்தா இன்னைக்கே பறிச்சுக்கங்" என்று சொல்லிவிடுங்கள். விடிகாலையில், காற்று எழும்புவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். காற்று வந்துவிட்டால் அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, திருப்பி அனுப்புங்கள்.

தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தால் டிரோனில் மருந்து அடிக்கலாமா என்று பொள்ளாச்சிப் பக்கம் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2016இல் இங்கே முதலில் தெரிந்த பூச்சி அது. அதை அடக்குகிற என்கார்சியா என்ற குட்டிக் குளவி தோப்பிலேயே இருக்கிறது, விஷ மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். மஞ்சள் ஒட்டுப்பொறி, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது, இலையில் படிந்த கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி என்று பல்கலைக்கழகம் சொல்கிற வழிகளோடு நிற்பது நல்லது.

கைபேசியில் என்னென்ன

உழவன் செயலி, 2018இல் வந்தது, மானியம், விதை உர இருப்பு, சந்தை விலை எல்லாம் தமிழில். வானிலைக்கு மேக்தூத், இடி மின்னலுக்குத் தாமினி. மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வரும், மருந்தும் உரமும் போடுகிற நாளை அதைப் பார்த்து வைத்துக்கொண்டால் மழையில் கரைவது குறையும்.

இலையைப் படம் எடுத்தால் நோயைச் சொல்கிற பிளான்டிக்ஸ் மாதிரியான செயலிகள் தமிழிலும் இருக்கின்றன. பெயர் கண்டுபிடிக்க உதவும், முடிவெடுக்க உதவாது. மஞ்சள் செடியில் இலை மஞ்சளாகிறது என்று வையுங்கள். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவில் வெளுத்தும் இருந்தால் நம் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்துக் குறைபாடாக இருக்கலாம். அடி இலையின் ஓரத்தில் ஆரம்பித்து, செடியை இழுத்தால் கையோடு வந்துவிட்டால் கிழங்கு அழுகல். ஒன்றுக்கு இரும்பு சல்பேட், மற்றதற்கு முதலில் தண்ணீரை வடிக்கவேண்டும். கேமராவுக்கு மண்ணுக்குள் தெரியாது, நீங்கள்தான் பிடுங்கிப் பார்க்கவேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் தமிழிலேயே கேள்வி கேட்கிறவர்களும் வந்துவிட்டார்கள். மருந்து டப்பாவின் ஆங்கில லேபிளை விளக்கச் சொல்ல அது நன்றாகவே பயன்படும், மருந்தின் பெயரையும் அளவையும் மட்டும் அதனிடம் கேட்டு அடிக்காதீர்கள். 1800 180 1551 என்ற இலவச எண்ணில் கிசான் கால் சென்டரில் தமிழில் ஆள் பேசுகிறார்கள்.

விலைக்கு: ஈரோட்டு மஞ்சளுக்கு ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்கள் என்று நாலு இடத்தில் ஏலம் நடக்கிறது, விரலிக்கும் (விரல் மாதிரி நீண்ட மஞ்சள்) கிழங்குக்கும் (உருண்டையான தாய்க் கிழங்கு) தனித்தனி விலை அன்றைக்கே கைபேசிக்கு வந்துவிடுகிறது. விலையைப் பார்த்துவிட்டு வண்டி ஏற்றுவது புது வசதிதான். ஆனால் வருகிற விலை குறைந்ததிலிருந்து கூடியது வரை ஒரு வீச்சு, உங்கள் சரக்கு அதில் எங்கே நிற்கும் என்பது காய்ச்சலையும் பாலிஷையும் பொறுத்தது. முதல் வருடம் பழைய ஆள் ஒருவரோடு கூடத்துக்குப் போய், மாதிரியைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்து, எதற்கு என்ன விலை போகிறது என்று கவனித்துவிட்டு வாருங்கள்.

எப்போது ஆரம்பிப்பது

வைகாசியில் மஞ்சள் நடுவதாக இருந்தால் தை மாதமே சொட்டுநீருக்கு விண்ணப்பம் போட்டுவிடவேண்டும். காகிதம் சரிபார்ப்பது, கம்பெனி ஆள் வந்து அளப்பது, அதிகாரி பார்வை, வேலை உத்தரவு என்று நாள் ஓடும். மெயின் லைன், சப் மெயின் என்கிற பெரிய குழாய்களுக்குக் குழி எடுத்து மூடிய பிறகுதான் பாத்தி போடவேண்டும். அவசரப்பட்டுப் பாத்தியை முதலில் போட்டுவிட்டால் குழி வெட்டும் ஜே.சி.பி. அதன் மேலேயே ஏறிப் போகும், டிராக்டர் வாடகையை இரண்டாம் தடவை நீங்கள்தான் கொடுக்கவேண்டியிருக்கும்.